தேயிலைக்கு நடுவே மிஞ்சிய சோலைகள்: வால்பாறை மழைக்காடு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆழியாறு அணையைத் தாண்டியதும் வால்பாறைக்குப் போகும் பேருந்து மலையேறத் தொடங்கும். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருக்கிற வறண்ட காடு மேலே போகப் போக அடர்ந்துகொண்டே வரும். அட்டகட்டியைக் கடந்தபின் ஜன்னல் வழியே குளிர்காற்று முகத்தில் அடிக்கும். அப்புறம் ஏதோ ஒரு வளைவில் காடு சட்டென்று முடிந்து, அங்கிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். முதல்முறை வருகிறவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்து மயங்கிப்போவார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், சீராக வெட்டிவிட்ட அந்த இளம்பச்சைக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகள் சில தெரியும். ஓரங்கள் கோணல்மாணலாக இருக்கும், மரங்கள் ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாமல் நிற்கும். இந்தப் பக்கத்து மக்கள் அவற்றைச் சோலை என்கிறார்கள். காட்டியல் படித்தவர்கள் துண்டுச்சோலை என்பார்கள். ஒரு காலத்தில் இந்த மேட்டுநிலம் முழுவதும் பரவியிருந்த மழைக்காட்டின் மிச்சம் அவை.

உலகில் மிஞ்சியிருக்கும் மழைக்காடுகள் எங்கே என்று கேட்டால் நம் வாயில் முதலில் வருவது அமேசான். பரப்பை வைத்துச் சொன்னால் அது சரிதான். ஒன்பது நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலுமாகப் பரந்து கிடக்கும் அந்தக் காட்டில் ஏறக்குறைய 60 சதவீதம் பிரேசிலில் இருக்கிறது. இரண்டாவது இடம் ஆப்பிரிக்காவின் காங்கோ படுகைக்கு. அதில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் எல்லைக்குள் வருகிறது. மூன்றாவது, சுமத்ரா, போர்னியோ, நியூ கினி எனத் தீவு தீவாகப் பிரிந்து நிற்கும் தென்கிழக்கு ஆசியக் காடு. இந்த மூன்றுக்கும் பிறகு சிறியவை வருகின்றன: மடகாஸ்கரின் கிழக்குக் கரை, மத்திய அமெரிக்கா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரை, பிரேசிலின் அட்லாண்டிக் கரை, இலங்கையின் தென்மேற்கில் சிங்கராஜா, அந்தமான் நிக்கோபார் தீவுகள், இந்தியாவின் வடகிழக்கு, கடைசியாக நம் மேற்குத் தொடர்ச்சி மலை. தமிழ்நாட்டில் ஆனைமலையும், களக்காடு முண்டந்துறைப் பகுதியும் இந்த வகைக் காட்டுக்குப் பேர்போனவை.

இவை எல்லாம் உலக வரைபடத்தில் பச்சைக் கறைகளாகத் தெரியும். அந்தக் கறை ஒரே துணியா, ஒட்டுப்போட்ட துணியா என்பதை வரைபடம் சொல்லாது. உலகில் எஞ்சியிருக்கும் காட்டுப் பரப்பில் 70 சதவீதம், ஏதோ ஒரு காட்டு விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நடுக்காடு என்று நாம் மனதில் வைத்திருக்கும் காடு இப்போது அபூர்வம். பெரும்பாலான காடு ஓரக்காடுதான். 2024ஆம் ஆண்டில் மட்டும் வெப்பமண்டலத்தில் 67 லட்சம் ஹெக்டேர் முதுகாடு, அதாவது வெட்டுப்படாத பழங்காடு, அழிந்தது. அழிந்த இடம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதை ஒட்டி நின்ற காடும் அதோடு ஓரக்காடாகிப் போனது. அதனால்தான் வால்பாறையை எடுத்துக்கொண்டேன். துண்டாகிப் போன மழைக்காட்டுக்கு என்ன ஆகிறது, அதைத் தேற்றி எடுக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடப்பட்டுவரும் இடம் அது, அதுவும் நம் ஊரில்.

காடு எப்படித் துண்டானது

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் இடம். பக்கத்திலுள்ள சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. காடர், மலை மலசர், முதுவர் ஆகிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலை இது. 1890களில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஏறி வந்தார்கள். அவர்களில் கார்வர் மார்ஷ் என்பவருக்கு மலைப்பாதையில் சிலை இருக்கிறது. முதலில் காப்பி, பிறகு தேயிலை. நடுவே ஏலக்காயும் வந்தது. காட்டை வெட்டவும், எரிக்கவும், செடி வைக்கவும் சமவெளியின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். குளிரிலும் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் இங்கேயே மாண்டுபோனார்கள். சிலை அவர்களுக்கு இல்லை. இதை எழுதாமல் இந்த மலையின் கதையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் வெட்டியவர்கள் சில இடங்களை மட்டும் விட்டது ஏன்? சில சரிவுகள் தேயிலை வைக்க முடியாத அளவுக்குச் செங்குத்து. சில இடங்களில் ஏலக்காய் போட்டிருந்தார்கள், அதற்கு மேலே மர நிழல் வேண்டும். நிழல் மரங்களை வைத்துக்கொண்டு கீழே காப்பி போட்ட இடங்களும் உண்டு. விறகுக்கென்று ஒதுக்கியவையும் உண்டு. இப்படி வெவ்வேறு காரணங்களால் நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் தப்பின. ஒரு ஹெக்டேர் அளவில் ஓடையோரமாக நிற்கும் மரக்கூட்டம் முதல் முந்நூறு ஹெக்டேர் வரை. பெரும்பாலானவை தனியார் தோட்டங்களின் எல்லைக்குள் இருப்பவை, புலிகள் காப்பகத்துக்குள் வராதவை.

துண்டுக்குள் நடப்பது

காட்டை வெட்டாமல் விட்டாலே போதும், அது பாட்டுக்கு இருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979இல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய நீண்டகால ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடு அழிக்கப்பட்ட பகுதியில் 1, 10, 100 ஹெக்டேர் அளவில் துண்டுகளை விட்டுவைத்து, பல ஆண்டுகளாக மரங்களையும் விலங்குகளையும் எண்ணினார்கள். விளிம்பிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கும் பெருமரங்கள், நடுக்காட்டில் இருப்பவற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சாகின்றன என்று தெரியவந்தது. வெயில் பக்கவாட்டில் நுழைகிறது, காற்று வேரோடு சாய்க்கிறது, மண் காய்கிறது, கொடிகள் ஏறி அமுக்குகின்றன.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 100 ஹெக்டேர் காடு சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர். நான்கு பக்கமும் 300 மீட்டரைக் கழித்தால் நடுவே மிஞ்சுவது 400 மீட்டர் சதுரம், அதாவது 16 ஹெக்டேர். அதே காடு 36 ஹெக்டேராக இருந்தால் நடு என்று ஒன்றே இருக்காது. வால்பாறை நகரத்தை ஒட்டிய புதுத்தோட்டம் சோலை ஏறத்தாழ 90 ஹெக்டேர். அது சதுரமாகவும் இல்லை, நடுவே சாலை வேறு போகிறது.

வால்பாறையில் விளிம்பு வழியே வருவது வெயிலும் காற்றும் மட்டுமில்லை. உண்ணிச்செடி வருகிறது. பக்கத்துத் தோட்டத்து ரோபஸ்டா காப்பி, பழந்தின்னிகளின் எச்சத்தின் வழியாகச் சோலைக்குள் முளைத்து அடிக்காடு முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மீசோப்சிஸ் மரம் பெருகுகிறது. இவற்றின் அடியில் நம் காட்டு மரக் கன்றுகள் எழும்ப இடமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பசுமை குறைந்த மாதிரியே இருக்காது. கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாக விழுவதும், அவற்றின் இடத்துக்கு வாரிசு இல்லாமல் போவதும் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வாரிசு வராததற்கு விதையின் குணமும் ஒரு காரணம். வெடிப்பலா, நாங்கு, வெள்ளைக்குங்கிலியம் போன்ற முதுகாட்டு மரங்களின் விதைகளை நெல்லைப் போலக் காயவைத்துக் குதிரில் போட்டுவைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சில நாட்களில் ஈரமண்ணும் நிழலும் கிடைக்க வேண்டும். ஆகவே, வெட்டப்பட்ட நிலத்தின் மண்ணுக்குள் பழைய காட்டின் விதை உறங்கிக்கொண்டிருக்காது. எங்கிருந்தாவது ஓர் இருவாச்சியோ மரநாயோ கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. இருவாச்சி தேயிலை மேலே பறந்து வந்துவிடும். மரநாய் அவ்வளவு எளிதில் வராது.

மீட்கப் புறப்பட்டவர்கள்

2000களின் தொடக்கத்தில் திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் என்ற இரு சூழலியல் ஆய்வாளர்கள், தாங்கள் சார்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் மூலம் இந்தத் துண்டுகளைத் தேற்றும் வேலையைத் தொடங்கினார்கள். திவ்யா ஏற்கெனவே களக்காட்டு மழைக்காட்டில் பழுப்பு மரநாயை ஆராய்ந்தவர். சங்கர் ராமன் பறவைகளை ஆராய்பவர். காடு தனியாருடையது என்பதால் முதல் வேலையே தோட்ட நிர்வாகங்களோடு பேசி உடன்பாட்டுக்கு வருவதாக இருந்தது. பாரி அக்ரோ, டாடா காபி போன்ற நிறுவனங்கள் தங்கள் நிலத்திலிருந்த சோலைகளை வெட்டாமல் காக்கவும், சிதைந்த பகுதிகளில் நடவுக்கு இடம் தரவும் ஒப்புக்கொண்டன. சட்டத்தால் வளைக்கப்படாத காட்டைப் பேச்சால் காத்த இந்தப் பகுதிதான் முழுக் கதையிலும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வோர் ஏக்கருக்கும் கணக்கு உண்டு, காட்டு ஏக்கர் கணக்கில் வருமானம் காட்டாது.

நாற்றங்காலுக்கு விதை சேர்த்த விதம் அழகானது. காட்டுக்குள் விழுந்த விதையை அவர்கள் எடுக்கவில்லை, அது காட்டின் சொத்து. தார்ச்சாலையில் விழுந்து, முளைக்க வழியில்லாமல் வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருந்த விதைகளைப் பொறுக்கினார்கள். மரநாய் எச்சத்திலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு மரமும் வெவ்வேறு மாதத்தில், சில மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் காய்ப்பவை என்பதால், நாற்றங்கால் நிரம்பவே காலம் பிடித்தது. இன்று அங்கே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட காட்டு மர வகைகள் வளர்க்கப்படுகின்றன. உள்ளூர்க்காரர்கள்தான் அதைப் பராமரிக்கிறார்கள். எந்தக் கன்று எந்த மரத்தினுடையது என்று இரண்டு இலைப் பருவத்திலேயே சொல்லும் கண் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது.

நடவு ஒரு நாள் விழா இல்லை. மழைக்கு முன்பே இடத்துக்குப் போய் உண்ணிச்செடியை வெட்ட வேண்டும். ஆனால் அடியில் தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்று ஒன்றுகூடச் சேதமாகக் கூடாது. ஆகவே எந்திரம் கிடையாது, கையரிவாள்தான். ஜூன், ஜூலையில் மழை பிடித்தபின், அந்த உயரத்துக்கும் சரிவுக்கும் உரிய மரங்களைப் பல வகை கலந்து நடுவார்கள். ஒரே மரத்தை வரிசையாக வைத்தால் அது தோப்பு. அப்புறம் இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுக்கத் திரும்பத் திரும்ப வர வேண்டும். லட்சக்கணக்கில் மரம் நட்டோம் என்று சொல்லும் திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வேலைக்குப் பணம் ஒதுக்குவதில்லை. நட்டதை எண்ணுகிறார்கள். நின்றதை எண்ணுவதில்லை. வால்பாறையில் நின்றதை எண்ணினார்கள். பிழைத்த கன்றுகளின் விகிதம் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டது என்பதை மறைக்காமல் பதிவும் செய்தார்கள்.

பலன் என்ன

2019இல் வெளியான ஆய்வில் மூன்று வகை இடங்களை ஒப்பிட்டார்கள்: நடவு செய்து 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடம், அதே அளவு சிதைந்திருந்தும் எதுவும் செய்யாமல் விட்ட இடம், அளவுகோலாக முதுகாடு. மேற்கவிகை (மேலே கிளைகள் கவிந்து மூடும் அளவு), மரங்களின் எண்ணிக்கை, வகைகளின் எண்ணிக்கை, மரங்களில் சேர்ந்த கரியின் (கார்பனின்) அளவு ஆகியவற்றில், நட்ட இடம் விட்ட இடத்தைத் தெளிவாக முந்தியிருந்தது. ஆனால் முதுகாட்டைத் தொட இன்னும் வெகுதூரம் இருந்தது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. பெருங்காட்டை ஒட்டிய துண்டுகள் ஓரளவு தாமாகவே தேறுகின்றன. தனித்துக் கிடக்கும் துண்டுகளுக்குத்தான் நடவால் கூடுதல் பயன். எங்கே கைவைப்பது, எங்கே ஒதுங்கி நிற்பது என்று முடிவு செய்ய இது உதவும்.

முதுகாட்டை எட்டவில்லை என்பதன் பொருள் இருவாச்சியைப் பார்த்தால் புரியும். பெரிய இருவாச்சிக்குக் கூடு கட்டத் தெரியாது. பெருமரத்தில் இயற்கையாக உண்டான பொந்து வேண்டும். பெட்டை அதற்குள் புகுந்து வாசலை ஒரு கீறல் மட்டும் விட்டு அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பறவை அத்திப்பழமும் குங்கிலியப்பழமும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். அப்படிப்பட்ட பொந்து விழுவதற்கு மரம் நூறாண்டைத் தாண்டியிருக்க வேண்டும். வால்பாறைத் துண்டுச்சோலைகளில் இன்றும் இருவாச்சிகள் குஞ்சு பொரிக்கின்றன என்றால், வெள்ளைக்காரன் வெட்டாமல் விட்ட கிழட்டு மரங்கள் இன்னும் நிற்பதால்தான். இருபது வயதுக் கன்றில் அது நடக்காது. ஒரு பெருமரத்தை வெட்டிவிட்டு அதற்கு ஈடாகப் பத்துக் கன்று நடுகிறோம் என்று சாலைத் திட்டங்களில் சொல்வார்களே, அந்த வாதம் இந்த இடத்தில் உடைகிறது.

சோலைமந்தி வேறு மாதிரியான கதை. சிங்கவால் குரங்கு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, தரையிறங்க விரும்பாத விலங்கு. முதிர்ந்தவை 2,500க்கும் குறைவு என்று கணிக்கப்பட்டிருக்கிறது. புதுத்தோட்டம் சோலையில் இவற்றின் எண்ணிக்கை கூடியது. கூடியவை அந்தச் சின்ன இடத்துக்குள் எப்படி அடங்கும்? மேலே கிளைகள் சேராத இடத்தில் சாலையைத் தரைவழியே கடந்தன, வண்டியில் அடிபட்டன. நகரத்துக்குள் நுழைந்து கூரையில் ஏறின, குப்பையைக் கிளறின. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டப்பட்டன, அவற்றைக் குரங்குகள் பயன்படுத்தவும் பழகிக்கொண்டன. வண்டிகளை நிதானிக்கச் சொல்லச் சாலையோரத்தில் ஆட்களும் நிறுத்தப்பட்டார்கள். இருந்தும் வண்டியை நிறுத்திப் பிஸ்கட் போடுகிறவர்கள் குறையவில்லை. தயவுசெய்து போடாதீர்கள். அன்பால் போடும் அந்தப் பிஸ்கட்தான் அதைச் சாலைக்கு இழுக்கிறது.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை காட்டிலிருந்து காட்டுக்குப் போகும் வழியில் தேயிலையும் தொழிலாளர் குடியிருப்பும் குறுக்கே நிற்கின்றன. பகலில் துண்டுச்சோலையிலும் ஓடையோரத்திலும் ஒதுங்கியிருந்து இரவில் நகர்கின்றன. வேலை முடிந்து இருட்டில் நடந்து வந்தவர்கள், யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் உயிரிழந்தார்கள். ஆனந்தகுமார் என்ற ஆய்வாளரின் குழு யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரியாகவும் அறிவிக்கத் தொடங்கியது. கைப்பேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்குகள் முக்கிய இடங்களில் வைக்கப்பட்டன. வனத்துறையும் தோட்டங்களும் சேர்ந்துகொண்டன. உயிரிழப்பு குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. தீர்வு இவ்வளவுதான்: விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாதே. ஆனால் சிறுத்தையால் குழந்தைகள் இறக்கும் துயரம் இந்த ஊரில் இன்னும் ஓயவில்லை. துண்டுச்சோலையைக் காக்கச் சொல்கிற எவரும் அந்த வீட்டு வாசலில் நின்றும் பேசத் தயாராக இருக்க வேண்டும். புதரில்லாத வழி, விளக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, பள்ளிக்குப் போய்வர வண்டி ஆகியவையும் காட்டுப் பாதுகாப்புச் செலவில் அடங்கும் என்பது என் கருத்து.

வால்பாறையிலிருந்து மாஞ்சோலைக்கு

அமேசானில் நாள்தோறும் அழிவதோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம் என்று ஒரு நண்பர் கேட்டார். கரிக்கணக்கில் பார்த்தால் அவர் சொல்வது சரி, இந்தச் சோலைகள் உலக வெப்பத்தைக் குறைத்துவிடப் போவதில்லை. ஆனால் சோலைமந்திக்கு அமேசான் உதவாது. வால்பாறை மலைகளில் பெய்யும் மழை பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. அந்த நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் வேலையையும் காங்கோ காடு செய்யாது.

இந்த அனுபவம் உடனடியாகத் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட 8,373 ஏக்கர் நிலம். குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, நான்கு தலைமுறை வாழ்ந்த மண்ணை விட்டுக் குடும்பங்கள் இறங்க வேண்டிய நிலை வந்தது. நிலம் காட்டுக்குத் திரும்பப் போகிறது என்கிறார்கள். வெட்டுவதை நிறுத்திவிட்டால் தேயிலை காடாகிவிடாது. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து நிழலடித்து நிற்கும், உண்ணிச்செடி இடைவெளியை நிரப்பும்.

மாஞ்சோலைக்கு ஒரு வசதி உண்டு. அதைச் சுற்றி நிற்பது பெரிய தொடர்காடு, ஆகவே ஓரத்துச் சரிவுகளுக்கு விதை தானாக வரும். வால்பாறை ஆய்வின்படி பார்த்தால் அங்கே நடவைவிடக் களையெடுப்பே முக்கியம். தோட்டத்தின் நடுப்பகுதிக்குத்தான் நாற்றங்கால் தேவைப்படும். எந்தச் சரிவு எந்த வகை என்று இப்போதே நடந்து அளந்தால்தான் 2028க்கு முன்பு நாற்று தயாராகும், ஏனென்றால் அந்த விதைகளைச் சேர்த்துவைக்க முடியாது என்று முன்பே பார்த்தோம். அந்தச் சரிவுகளின் ஒவ்வோர் ஓடையையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அங்கே கொழுந்து கிள்ளியவர்கள்தான். விருப்பமுள்ளவர்களுக்கு அந்த வேலையை, மாதச் சம்பளத்தோடு, முதலில் கேட்டுக் கொடுக்க வேண்டும்.